கெஸ்ஸா, ஐ டேனியல் பிளேக்கா: எதை முதலில் பார்ப்பது?

பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச்சின் படங்களுக்குப் புதியவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுவார்கள்.

களம்: ‘கெஸ்’ (1969) பார்ன்ஸ்லி சுரங்க ஊர்ப் பள்ளிக்கூடம். ‘பிளேக்’ (2016) நியூகாசில் உதவித்தொகை அலுவலகம்.

வர்க்கம்: கெஸ்ஸில் பிரம்படி. சேதி சொல்ல வந்த சின்னப் பையனும் சேர்ந்து அடி வாங்குகிறான். அவனைப் பேசவே விடுவதில்லை. பிளேக்கில் பிரம்பு இல்லை, படிவம். மாரடைப்பு வந்த தச்சரை மருத்துவர் வேலைக்குப் போகாதே என்கிறார், அலுவலகம் வேலை தேடு என்கிறது. ஏழைகளுக்கு இலவச உணவு தரும் உணவு வங்கியில், தச்சருக்குப் பழக்கமான தனித்தாய் கேட்டி டின்னைத் திறந்து கையாலேயே அள்ளித் தின்னும் இடம் நெஞ்சை உலுக்கும்.

மொழி: கெஸ்ஸின் யார்க்‌ஷயர் பேச்சு கடினம், சப்டைட்டில் கட்டாயம்.

நலத்திட்டம் ஏழையை அலைக்கழிப்பது புரிய பிளேக். மனிதரை முழுதாகப் பார்க்க கெஸ்: அதன் நாயகச் சிறுவன் பில்லி திருடுவான், பொய் சொல்வான், வல்லூறையும் பொறுமையாகப் பழக்குவான். பிளேக்கின் ஏழைகள் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்கள்.