ஐந்நூறு மைல் யாருக்கு வேண்டும், எனக்கு வேண்டியது பிளக் பாயிண்ட்

2024 ஜூலை 8-ஆம் தேதி பெரில் புயல் ஹூஸ்டனைத் தாண்டிப் போனபோது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று வாளி இட்லி மாவு இருந்தது. வீட்டுக்காரி வார இறுதிகளில் சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறாள், அதனால் எப்போதும் இருக்கும். கரண்ட் ஐந்து நாள் வரவில்லை. மறுநாளே மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு ஃபிரிட்ஜ் தட்டெல்லாம் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்து வாங்கும் வண்டி, கரண்ட் போனால் தன் பேட்டரியிலிருந்து வீட்டு ஃபிரிட்ஜை ஓட்டும் எலெக்ட்ரிக் பிக்கப்பாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததற்கும் வாங்கியதற்கும் நடுவில் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது, அது வேறு கதை.

அமெரிக்காவில் இந்த வகையில் சீரியஸாகப் பார்க்க வேண்டியவை நாலு: ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக், செவ்ரோலே சில்வராடோ ஈவி. ஹம்மரும் இருக்கிறது, ஆனால் அண்டா ஏற்றிக்கொண்டு பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போக ஹம்மர் எதற்கு?

முதலில் சைபர்டிரக். பசங்களுக்கு அதுதான் வேண்டும். உண்மையைச் சொன்னால் ஓட்டும்போது எனக்கே ஆசை வந்தது, பின்சக்கரமும் சேர்ந்து திரும்புவதால் அவ்வளவு பெரிய வண்டி பார்க்கிங்கில் சின்னக் கார் மாதிரி வளைகிறது, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி ஆறடி, மேலே தானாக மூடிக்கொள்ளும் மூடி, 240 வோல்ட் பிளக்கும் உண்டு. ஆனால் உடம்பு பூரா எவர்சில்வர். கை வைத்த இடமெல்லாம் ரேகை. அம்மா பார்த்தால் புளியும் சபீனாவும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அது சிரிப்புக்கு. நிஜமாக என்னைத் தடுத்தது, கோளாறு என்று கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்த ரீகால் பட்டியல். 2024 ஏப்ரலில் ஆக்சிலரேட்டர் பெடல் மேலிருக்கும் தகடு கழன்று மாட்டிக்கொள்ளலாம் என்று 3,878 வண்டி, 2025 மார்ச்சில் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எவர்சில்வர் பட்டை ஓடும்போதே பிய்ந்து விழலாம் என்று 46,096 வண்டி. பசை போட்டு ஒட்டிய பட்டை ஹூஸ்டன் வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே என்னால் ஓட்ட முடியாது. போதாததற்கு, 2019-இல் 49,900 டாலர் என்று காட்டிய இரட்டை மோட்டார் வண்டி 2023 கடைசியில் கைக்கு வந்தபோது 79,990.

சில்வராடோவில் மைலேஜைப் பற்றிக் கவலையே இல்லை, 2025 ஒர்க் டிரக் என்ற மாடலில் பெரிய பேட்டரி போட்டது 492 மைல் போகும் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. எப்படி என்று கேட்டால், பேட்டரியை வாரிக் கொட்டியிருக்கிறார்கள், வண்டி எடை 8,000 பவுண்டுக்கு மேல். எங்கள் அதிகபட்சத் தூரம் சான் அன்டோனியோ. அதற்கு 492 மைல் பேட்டரியைத் தினமும் சுமப்பது, ஒரு சட்டி ரசத்துக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற மாதிரி. டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு மட்டும் நான் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் டிரெய்லர் மாட்டினால் இந்த நாலில் எதுவானாலும் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், அதுவும் பெட்டி மாதிரி உயர்ந்த டிரெய்லர் என்றால் காற்றே தின்றுவிடும். அப்புறம் பெரும்பாலான சார்ஜிங் இடங்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். இதை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை.

ரிவியன்தான் கடைசிவரை இழுத்தது. நண்பர் ஒருவரிடம் 2022 மாடல் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை முழுக்கக் கொடுத்தார். நாலிலும் ஓட்ட சுகமான வண்டி இதுதான், சந்தேகமே வேண்டாம். பின்சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஒரு சுரங்கம், இந்தப் பக்கம் திறந்தால் அந்தப் பக்கம் தெரியும். கட்டு வாழையிலையை மடிக்காமல் நீட்டி வைத்தோம், ஒரு இலைகூடக் கிழியவில்லை. “மாப்ள, இதை இலைக்குன்னே செஞ்சிருக்கான்” என்றார் நண்பர். ஆனால் தொட்டி நாலரை அடிதான். இரண்டு அண்டா, ஒரு அடுப்பு, சிலிண்டர் வைத்ததும் நிரம்பிவிட்டது, மடக்கு மேஜைகளுக்கு இடமில்லை. பிளக்கும் 120 வோல்ட் மட்டும். ஃபிரிட்ஜ் ஓடும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

ஆக லைட்னிங். பழைய 2023 லாரியட் மாடல், பெரிய பேட்டரி, 131 யூனிட், புதிதில் 320 மைல். தொட்டி ஐந்தரை அடி. மொத்தம் பதினோரு பிளக், அதில் 240 வோல்ட் ஒன்று, எல்லாம் சேர்த்து 9.6 கிலோவாட். நாளைக்கு 30 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு மூன்று நாள் தாங்கும் என்பது ஃபோர்டின் கணக்கு. ஹூஸ்டன் ஜூலையில் ஏசியோடு அந்தக் கணக்கு எடுபடாது, ஆனால் ஃபிரிட்ஜ், ஃபிரீசர், நாலு ஃபேன், வைஃபை என்றால் தாராளம்.

முதலில் பார்க்கப் போன கடையில் டெஸ்ட் டிரைவுக்கு வண்டியைக் கொடுத்தபோது சார்ஜ் 9 சதவீதம். “ஓட்டிப் பார்க்க இது போதும் சார்” என்றார் விற்பனையாளர். பெட்ரோல் வண்டியை இப்படிக் கொடுப்பாரா? திரும்பி வந்துவிட்டேன். வாங்கியது வேறு கடையில். அங்கே நான் செய்த காரியத்தைப் பார்த்து அந்த ஆள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்: வீட்டிலிருந்து 110 வோல்ட் கிரைண்டரையும் ஊறவைத்த உளுந்தையும் கொண்டுபோய், தொட்டியில் வைத்து பிளக்கைச் சொருகி அரைத்துப் பார்த்தேன். நாற்பது நிமிஷம். உளுந்து பந்தாக எழும்பி வந்தது, திரையில் சார்ஜ் ஒரு சதவீதம்கூட இறங்கவில்லை.

முன் டிக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் டிக்கி, உள்ளே நாலு பிளக், அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. போன மாதம் சாம்பார் தூக்கு கவிழ்ந்தது. பழைய வேன் என்றால் ஆறு மாதம் பெருங்காய வாசனையோடு ஓட்டியிருப்பேன், இங்கே குழாயைப் பிடித்து அடித்துவிட்டேன், முடிந்தது.

குறைகள் இருக்கின்றன. சுமை இல்லாமல் போனால் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. வேக சார்ஜ் 150 கிலோவாட்தான், சில்வராடோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். நீளம் ஏறக்குறைய 19 அடி 5 அங்குலம். டேப்பை எடுத்துக் கராஜை அளக்காமல் வாங்கிவிடாதீர்கள், எங்கள் கராஜ் 20 அடி, பின்சுவரில் சாத்தியிருந்த கொலுப்படியை மாடிக்கு ஏற்றிய பிறகுதான் கதவு மூடியது. புது வண்டிக்கு இருந்த 7,500 டாலர் மத்திய அரசு வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு போய்விட்டது, டெக்சஸில் எலெக்ட்ரிக் வண்டிக்கு வருஷா வருஷம் 200 டாலர் கூடுதலாக வேறு கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், 2025 டிசம்பரில் ஃபோர்டு இந்த வண்டியை நிறுத்துவதாகவே அறிவித்துவிட்டது, அடுத்து வருவதில் பெட்ரோல் ஜெனரேட்டரும் சேர்ந்திருக்குமாம். நிறுத்திய வண்டியைப் போய் வாங்குகிறாயே என்று கேட்காத ஆள் இல்லை. அந்தச் செய்தியைக் காட்டித்தான் நான் விலையே பேசினேன். உடம்பில் பாதி சாதாரண எஃப்-150-தான், ஊரெல்லாம் ஓடுகிறது, கதவுக்கும் கண்ணாடிக்கும் அலைய வேண்டியிருக்காது. பேட்டரிக்கு 8 வருஷ வாரண்டியில் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது.

வீட்டு மெயின் போர்டோடு சேர்த்து இணைக்கத் தனிக் கருவி வேண்டும், அதற்கு எலெக்ட்ரீஷியன் சொன்ன தொகையைக் கேட்டு இப்போதைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன். தடிமனான எக்ஸ்டென்ஷன் கார்டு இரண்டு வாங்கிக் கராஜில் மாட்டியாகிவிட்டது. ஜூனில் புயல் சீசன் ஆரம்பம்.