பேண்ட்கேம்ப்: உரிமை நம் கையில்

எங்கள் குழுவின் முதல் ஆல்பம் ஒரு லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. ரெக்கார்டிங் செலவை முன்பணமாகத் தந்தார்கள், பாட்டு வருமானத்திலேயே கழித்துக்கொண்டார்கள். கடன் அடைந்த பிறகும் மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, அவர்களுடையதே. ஒப்பந்தத்தில் 'நிரந்தரமாக' என்றிருந்தது.

அடுத்ததை, கலைஞர்களே ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் போட்டோம். உரிமை முழுக்க நம்மிடம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், சிடி, டி-சர்ட்டில் 10 சதவீதம் அவர்களுக்கு. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி'யன்று அந்தப் பங்கையும் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது முன்பதிவுதான். ஒரு பாட்டை மட்டும் கேட்கவிட்டு ஆல்பத்துக்கு ஆர்டர் எடுத்தோம், மிக்ஸிங் செலவு அதிலேயே வந்துவிட்டது. போட்ட விலைக்கு மேலேயும் ரசிகர்கள் கொடுக்கலாம். கொடுக்கிறார்கள், நம்புங்கள்!

குறை? யூபிஐ கிடையாது. ஜிபே மட்டுமே வைத்திருக்கும் நம்ம ஊர் ரசிகர் பாட்டைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். பேபாலில் பணம் எடுக்க, அது எதற்கான பணம் என்று சொல்லும் 'பர்ப்பஸ் கோட்' வேறு கேட்கும். அப்புறம், பேண்ட்கேம்பை 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, 2023இல் அது இசை உரிம நிறுவனமான சாங்ட்ரேடர் கைக்குப் போனது. அந்தக் கைமாற்றத்தில் ஏறக்குறைய பாதி ஊழியர்களுக்கு வேலை போனது. அதனால் மாஸ்டர் கோப்புகளை வீட்டு ஹார்ட் டிஸ்கிலும் வைத்திருக்கிறேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.