இரட்டை எஸ்.யு.வா, இரட்டை வெபரா: ஐட்லிங் சரிசெய்ய எது சுலபம்?

பிரிட்டனில் 1957 முதல் உதிரிகளாகவும் விற்கப்பட்ட லோட்டஸ் செவன் என்ற ஸ்போர்ட்ஸ் காரை வீட்டுக் கொட்டகையிலேயே ஒன்றுசேர்த்துப் பூட்டிக்கொள்ள முடிந்தது. அந்தக் காலத்தில் அப்படி வாங்கியவர்களுக்குக் கொள்முதல் வரியும் இருக்கவில்லை. பூட்டுவதைவிட, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் இரண்டு கார்புரேட்டர்களை, அவை எஸ்.யு. வகையானாலும் வெபர் வகையானாலும், ஐட்லிங்கில், அதாவது கார் நிற்க என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, ஒத்துப்போக வைப்பதுதான் பெரும்பாடு.

எஸ்.யு.வில் பெட்ரோல் வரும் நுண்குழாயான ஜெட்டை மேலே ஏற்றி, அடிநட்டை இரண்டு சுற்று இறக்கித் தொடங்குவது வழக்கம். பிறகு இரண்டு கார்புரேட்டர்களையும் சேர்க்கும் இணைப்புத் தண்டைத் தளர்த்திவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று வாயிலும் வைக்க வேண்டும். 'உஸ்' என்ற ஓசை இரண்டிலும் ஒன்றாகும்வரை வேகத் திருகுகளைத் திருப்ப வேண்டும். அடுத்து, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் துவண்டால் குறைவு. சற்றே ஏறி அடங்கினால் சரி. கேட்ட கேள்விக்கு கார்புரேட்டரே பதில் சொல்லிவிடுகிறது!

வெபர் 40 டிசிஓஇ மாடல் இரண்டு என்றால் காற்று நுழையும் தொண்டைகள் நான்கு, கலவைத் திருகுகளும் நான்கு. காதை நம்ப முடியாது, காற்றோட்டமானி வேண்டும். இரண்டு கார்புரேட்டர்களையும் சமன்படுத்திய பிறகு, ஒவ்வொரு கலவைத் திருகாகக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்த வேண்டும். ஐட்லிங் ஜெட்டில் தூசி அடைத்திருந்தால் எத்தனை திருகியும் பயனில்லை. முதலில் அதைக் கழற்றி ஊதுங்கள்.

பந்தயத் தடத்துக்கு வெபர்தான். ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு நான் எஸ்.யு.வையே பூட்டுவேன்.