நாய்க்கு ‘மர்மர்’ என்று சொல்லி ஆறு வாரம் ஏமாற்றப்பட்டோம்: வளர்ப்போர் கவனத்துக்கு

நீடாமங்கலத்தை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டில் ஆறு வயதான பொமரேனியன் நாய் ஒன்று வளர்கிறது. கடந்த ஆவணியில், வருடாந்திரத் தடுப்பூசிக்காக அதை அருகிலுள்ள நகரத்தில் இயங்கும் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்தவர் ஸ்டெதஸ்கோப்பை நாயின் இடப்பக்க மார்பில் பத்து நொடிகூட வைத்திருக்க மாட்டார். உடனே, “மர்மர் இருக்கு மேடம், ஹார்ட் வீங்கிப்போச்சு, இப்பவே மருந்து ஆரம்பிக்கலேன்னா ரெண்டு மாசம்கூடத் தாங்காது” என்றார். மர்மர் என்பது இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல்; தமிழில் முணுமுணுப்பு என்பார்கள். இதயம் செயலிழந்துகொண்டிருக்கிறது என்று சொன்ன அதே மூச்சில், வந்த காரியமான தடுப்பூசியையும் போட்டு அனுப்பினார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

அந்த நாய் இரண்டு வாரமாகவே சோர்ந்துதான் இருந்தது. வாசல்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சோற்றை முகர்ந்துவிட்டுப் போனது. அதைக் கவனித்த என் அத்தை, புறப்படும் முன்பே அதன் கீழ் இமையை விரலால் விலக்கி, “பாரும்மா, ஆட்டுக்கு இரத்தம் செத்த மாதிரி வெளுத்துக் கிடக்கு” என்று காட்டியிருந்தார். ஆடு வளர்த்த கைக்கு அது தெரியும். நான் அதை மருத்துவமனையில் சொன்னபோது, “ஹார்ட் சரியா பம்ப் பண்ணலேன்னா வெளுக்கத்தான் செய்யும்” என்று பேச்சை முடித்துவிட்டார். இரத்தப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டதற்கு, அது வீண் செலவு என்றார். வீண் செலவைப் பற்றி அவர் பேசிய ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

அடுத்த ஆறு வாரத்தில் நாங்கள் கொடுத்த தொகை 17,650 ரூபாய். இ.சி.ஜி. என்று 1,200, ஸ்கேன் என்று 2,500 வாங்கினார்கள். நாயை உள்ளறைக்குத் தூக்கிச் சென்று ஐந்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவந்தார்களே தவிர, ஒரு துண்டு அறிக்கையோ படமோ எங்கள் கைக்கு வரவில்லை. மாத்திரைகளை, பெயர் அச்சிட்ட பகுதியைக் கத்தரித்துவிட்டு, சிறு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ‘ஹார்ட் டானிக்’ என்று 1,850 ரூபாய்க்கு ஒரு பாட்டில். அப்படி மூன்று வாங்கினோம். மூன்றாவது பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த வெள்ளைத்தாள் ஓரத்தில் கிளம்பியிருந்ததால் நகத்தால் உரித்துப் பார்த்தேன். உள்ளே சேவல் படம் இருந்தது. அது கோழிப் பண்ணைகளில் தண்ணீரில் கலந்து கொடுக்கும் வைட்டமின் மருந்து.

பெயரில்லாத அந்த மாத்திரை ஃப்யூரோசமைடு, அதாவது உடலிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டோம். இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்த நாய்க்கு அது உயிர்காக்கும் மருந்துதான். அப்படி நீர் கோக்காத நாய்க்கு அதைக் கொடுத்தால் உடல் வறண்டு, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். எங்கள் நாய் ஓயாமல் தண்ணீர் குடித்தது, ஓயாமல் சிறுநீர் கழித்தது. 9 கிலோ இருந்தது 7.6 கிலோவாக இளைத்தது. புரட்டாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை திண்ணையில் சொட்டுச்சொட்டாக இரத்தம் கிடந்தது. அதன் மூக்கிலிருந்து வடிந்திருந்தது. தொலைபேசியில் கேட்டபோது மாத்திரையை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் வாடகைக் கார் பிடித்து, மன்னார்குடி வழியாக ஒரத்தநாட்டில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே பார்த்த இளம் மருத்துவர் முதலில் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே இல்லை. உதட்டைத் தூக்கிப் பல் ஈறுகளைப் பார்த்தார். காது மடலைப் புரட்டினார். உள்ளே மிளகு அளவில் மூன்று உண்ணிகள் ஒட்டியிருந்தன. பிறகே மார்பின் இருபுறமும் நிதானமாகக் கேட்டார். முணுமுணுப்பு இருப்பது உண்மை, ஆனால் ஆறு நிலைகளில் இரண்டாம் நிலை அளவுக்கு மெல்லியது என்றார். இரத்தம் எடுத்ததில் ஹீமோகுளோபின் 5.4 இருந்தது, நல்ல நிலையில் உள்ள நாய்க்கு 12 முதல் 18 வரை இருக்க வேண்டும். இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 38,000 மட்டுமே இருந்தன. எக்ஸ்ரேயில் இதயம் இயல்பான அளவிலேயே தெரிந்தது. நுரையீரலில் நீர் இல்லை. நோய், உண்ணி வழியாகப் பரவி இரத்த அணுக்களைக் குறைக்கும் எர்லிக்கியா என்ற கிருமித்தொற்று. எங்கள் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வதுதான் அது.

இதய நோயே இல்லாத நாய்க்கு இதயத்தில் எப்படி இரைச்சல் கேட்கும் என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். வெண்ணாற்றில் தண்ணீர் நிறைந்து நிதானமாகப் போகும்போது கரையில் நிற்பவருக்குச் சத்தம் கேட்பதில்லை. மதகடியில் சுழித்துக்கொண்டு பாயும்போது மட்டும் இரைகிறது. இதயத்திலும் இரத்தம் சுழித்து ஓடினால்தான் ஒலி எழும். வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலும் சுழிக்கும், வழி குறுகியிருந்தாலும் சுழிக்கும், பிறவியிலேயே துளை இருந்தாலும் சுழிக்கும். இவை எதுவும் இல்லாமல், சிவப்பணுக்கள் குறைந்து இரத்தம் நீர்த்துப்போய், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக இறைத்தாலும் சுழிக்கும். வளரும் குட்டிகள் சிலவற்றுக்கு மெல்லிய முணுமுணுப்பு இருந்து, நான்கைந்து மாத வயதுக்குள் தானாகவே மறைந்துவிடுவதும் உண்டு. முணுமுணுப்பு ஓர் ஒலி மட்டுமே. அது எதனால் வருகிறது என்று தேடுவதுதான் மருத்துவரின் வேலை, அந்த வேலையைத்தான் எங்களிடம் பணம் வாங்கியவர் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் முணுமுணுப்பை அலட்சியம் செய்துவிடக் கூடாது என்பதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. பொமரேனியன், டேஷண்ட் போன்ற சிறிய இன நாய்களுக்கு வயதாகும்போது வருகிற முணுமுணுப்பு, பெரும்பாலும் இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வு தடித்துக் கசிவதால் வருவதே. ஒலியை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். ஐந்தாம் நிலையில் மார்பில் உள்ளங்கையை வைத்தாலே அதிர்வு தெரியும். ஆனாலும் ஒலி பெரிது என்பதாலேயே நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. வால்வு கசிந்தும் இதயம் பெரிதாகாத நாய்க்கு மருந்தே தேவையில்லை, அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும். அப்படியே பல ஆண்டுகள் வாழ்கிற நாய்கள் உண்டு. இதயம் பெரிதாகியிருப்பது எக்ஸ்ரேயிலும் எக்கோ எனும் இதய ஸ்கேனிலும் உறுதியானால், மூச்சுத் திணறல் வருமுன்பே பைமோபெண்டன் என்ற இதய மருந்தைத் தொடங்குவது பயன் தரும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயச் செயலிழப்பை அந்த மருந்து ஏறத்தாழ 15 மாதங்கள் தள்ளிப்போட்டது தெரியவந்தது. வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: நாய் அயர்ந்து தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணிக்கை 30-க்குள் இருப்பது இயல்பு. தொடர்ந்து அதைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கள் நாய்க்கு டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை 28 நாள் கொடுத்தோம். ஃப்யூரோசமைடை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். திண்ணை வெடிப்புகளிலும் சுவர்ச் சந்துகளிலும் உண்ணிகள் பதுங்கியிருக்கும் என்பதால் வீடு முழுவதும் மருந்து அடித்தோம். ஐந்து வாரம் கழித்து ஹீமோகுளோபின் 11.8 ஆனது, முணுமுணுப்பு கேட்கவில்லை. ஒரத்தநாட்டுச் சிகிச்சைக்கு ஆன மொத்தச் செலவு, கார் வாடகையைச் சேர்த்தாலும், மூன்று பாட்டில் ‘டானிக்’ விலையை எட்டவில்லை.

பழைய இடத்துக்குப் போய் ஸ்கேன் அறிக்கையையும் பில்லையும் கேட்டேன். “நாய் பொழச்சிடுச்சில்ல, அப்புறம் என்ன மேடம்?” என்றார்கள். கால்நடை மருத்துவர் பதிவு எண்ணைக் கேட்டதும் பேச்சு நின்றது. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்றவர்கள்தாம் கால்நடை மருத்துவம் பார்க்கலாம்; எனவே சென்னையிலுள்ள தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் வழி கேட்டுக்கொண்டேன். என்னிடம் பில் ஒன்றும் இல்லை. ஜிபேயில் ஒரு தனிநபர் பெயருக்குப் பணம் போன பதிவுகள் மட்டும் இருக்கின்றன. நீங்கள் போகிற இடத்தில் பில்லையும், மருந்தின் பெயர் எழுதிய சீட்டையும், அறிக்கையையும் அன்றன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். தர மறுத்தால் பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். பாதி உரித்த தாளுடன் அந்த மூன்றாவது பாட்டில் எங்கள் அலமாரியில் இருக்கிறது. துடைக்கும்போதுகூட அதைத் தொட வேண்டாம் என்று அத்தை சொல்லிவைத்திருக்கிறார்.