அக்னி நட்சத்திரத்தில் விலைபோகும் ஸ்வெட்டர்: பழைய கம்பளிக்கு எந்த வழி சரி?

கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய கம்பளித் துணி விற்கிறேன் என்றால் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். எங்களுக்கு மார்கழிக் குளிர் என்பதே 20 டிகிரியை ஒட்டித்தான், அதற்கே மப்ளரும் குரங்குக் குல்லாவுமாக டீக்கடைக்கு வருகிற ஊர் இது. ஆனால் சரக்குக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூரிலிருந்து வரும் பெட்டியில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் இருக்கும்; அமெரிக்கா, கனடா, லண்டன் போய்ப் பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெட்டியில் ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் இருக்கும். வந்த வாரமே பரணுக்கு ஏறிவிடும். என் அக்கா கனடாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியபோது இரண்டு பெட்டி நிறைய இறங்கியது, அதை விற்கப் போய்த்தான் இந்த வேலையே ஒட்டிக்கொண்டது.

மூன்று வழியிலும் விற்றுப் பார்த்துவிட்டேன்: உள்ளூர் விளம்பரச் செயலி, இன்ஸ்டாகிராம் பக்கம், வாட்ஸ்அப் குழு. புதுத் துணி விற்கிற பெரிய தளங்கள் உடுத்திய துணியை எடுப்பதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடலாம். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் எப்போதும் இருக்கிறார். ஜரிகைப் புடவையைக் கண்டால் முகம் மலர்கிற மனிதர், ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் மக்கோடு நிறுத்திக்கொள்வார். அந்த மக்கை விட அதிகம் கிடைத்தால்தான் மற்ற வழிகளுக்கு அர்த்தம்.

விளம்பரச் செயலி பார்க்க எளிது. நாலு போட்டோ போட்டால் போதும், வாங்குகிறவர் வீட்டுக்கே வந்து தொட்டுப் பார்ப்பார், பார்சல் தொல்லை கிடையாது. ஆனால் டெல்டாவில் யார் வருவார்? ஐப்பசி, கார்த்திகை வந்தால் திபெத்தியர்கள் ஊருக்கு ஊர் ஸ்வெட்டர் கடை போட்டுவிடுகிறார்கள். அங்கே சில நூறு ரூபாய்க்குப் புத்தம் புதிது கிடைக்கும்போது, முந்நூறுக்கு நான் வைத்திருக்கிற பழையதைத் தேடி வலங்கைமானிலிருந்து ஒருவர் பஸ் ஏற மாட்டார். வந்தவர்களில் பாதிப் பேர் வேறு ரகம். ‘இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்’ என்று ஒருவர் அனுப்பினார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம் என்பது தெரிந்திருந்ததால் தப்பித்தேன். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

இன்ஸ்டாகிராம் வேறு உலகம். பெங்களூரு, ஊட்டி, கொடைக்கானல் என்று நிஜமாகவே குளிருகிற ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள், பழைய துணி என்று முகம் சுளிக்காத இளசுகளும் இருக்கிறார்கள், நல்ல மெரினோ (மெல்லிய, மிருதுவான ஒரு வகை ஆட்டுக் கம்பளி) ஸ்வெட்டருக்கு ஆயிரத்தைத் தாண்டியும் தருகிறார்கள். சிக்கல் எல்லாம் நம் பக்கம்தான். முதல் சிக்கல், அது கம்பளிதானா என்பது. காஷ்மிலான் என்று போட்டிருந்தால் அது அக்ரிலிக், நூலாகச் செய்த பிளாஸ்டிக். துணிச்சீட்டு கிழிந்துபோயிருந்தால் உள்தையலில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டுகிறேன். கம்பளி என்றால் சுருங்கிக் கருகும், நெருப்பை எடுத்தால் தானே அணையும், முடி பொசுங்குகிற நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டி, ஆறியதும் மிளகு மாதிரி கெட்டியாக நின்றுவிடும். அக்கா கொண்டுவந்த இருபத்து மூன்றில் ஒன்பதுதான் இதில் தேறியது. ‘அங்க உல்லன்னுதானே சொல்லிக் குடுத்தான்’ என்று அவளுக்கு இன்னும் வருத்தம்.

இரண்டாவது, பூச்சி. நெல்லில் விழுகிற அந்துப்பூச்சியை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கம்பளியைத் தின்பது அதற்குத் தூரத்து உறவு, அதிலும் தின்பது பூச்சி இல்லை, அதன் புழு. ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரியும், போட்டோவில் தெரியாது. இதற்குப் பயந்து அந்துருண்டை போட்டு வைத்தால் அடுத்த சிக்கல். பெங்களூருவில் பார்சலைப் பிரித்த ஒரு பெண் ‘ஸ்வெட்டர் அழகா இருக்கு, ஆனா பாட்டி பீரோ வாசனை போகவே மாட்டேங்குது’ என்று எழுதிவிட்டுத் திருப்பி அனுப்பினார். போக வர கூரியர் செலவு என் தலையில். இப்போது அம்மா சொன்னபடி நொச்சி இலைதான் வைக்கிறேன். சந்தேகமான துணியை பாலித்தீன் பையில் கட்டி இரண்டு வாரம் பிரீசரில் போட்டுவிடுகிறேன், புழுவும் முட்டையும் செத்துவிடும். மீன் வைக்க இடமில்லை என்று வீட்டில் சண்டை வருவது தனிக்கதை.

மூன்றாவது, மழை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பெங்களூருக்காரர்கள் ஸ்வெட்டர் தேடத் தொடங்குவது நவம்பரில். அதே நவம்பரில்தான் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் ஈரத்தைக் குடித்தாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, காய்ந்துவிட்டது என்று மடித்து வைத்தால் நாலாம் நாள் பூசண நாற்றம் அடிக்கும். கொடியில் தொங்கவிட்டால் கை இரண்டும் முழங்கால் வரை நீண்டுவிடும். வெந்நீரில் கசக்கினாலோ நூலின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பெரியவர் ஸ்வெட்டர் பள்ளிக்கூடப் பையன் ஸ்வெட்டர் ஆகிவிடும். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் பூந்திக்கொட்டைக் கரைசல், பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, கயிற்றுக் கட்டிலில் நிழலில் பரப்பிவிட வேண்டும், கீழேயும் காற்று போகும். இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடிக்கவில்லை என்றால் அந்த வருஷத்து இன்ஸ்டா வியாபாரம் போச்சு.

அப்புறம் அனுப்புகிற செலவு. ஒரு தடித்த ஜாக்கெட், எடை ஒன்றரைக் கிலோ. அதை 45×35×20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தேன். கூரியர் அலுவலகத்தில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்தார்கள்: 6.3 கிலோ. தராசில் ஒன்றரை, பில்லில் ஆறு கிலோவுக்கு மேல்! ஜாக்கெட்டுக்குள் இருந்த காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டினேன். மெல்லிய மெரினோவுக்கு இந்தத் தொல்லை இல்லை, பைக்குள் அமுக்கிவிடலாம். இன்னொன்று, வீட்டில் கிடந்த சொந்தத் துணியை விற்பது வேறு, வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்து வெளி மாநிலத்துக்கு அனுப்புவது வேறு. பின்னதற்கு விற்பனை எவ்வளவு சின்னதானாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதனால் இப்போது பெங்களூருவை விட ஊட்டி, கொடைக்கானல் ஆர்டர் வந்தால்தான் எனக்கு நிம்மதி.

வாட்ஸ்அப்பை முதலில் நான் மதிக்கவே இல்லை. தெருக் குழு, யாத்திரைக் குழு, பழைய மாணவர் குழு, இவற்றில் ஸ்வெட்டரை யார் வாங்குவார் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: டெல்டாக்காரனுக்குக் கம்பளி பருவத்துக்கு வேண்டிய பொருள் இல்லை, பயணத்துக்கு வேண்டிய பொருள். கேதார்நாத், பத்ரிநாத் நடை திறப்பது அட்சய திருதியை வாக்கில். கேதார்நாத் 3,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது, முக்திநாத் 3,700-க்கும் மேல். இங்கே அக்னி நட்சத்திரத்தில் தார்ச்சாலை இளகும்போது, என் வாசலில் அறுபது வயது மாமிகள் தெர்மல் பனியன் அளவு பார்க்கிறார்கள். ஆடி, ஆவணியில் கனடாவுக்கும் ஜெர்மனிக்கும் படிக்கப் போகிற பிள்ளைகள் வருகிறார்கள். திபெத்தியர் கடை அப்போது கிடையாது, ஜவுளிக்கடையிலும் ஸ்வெட்டர் இருக்காது. போட்டியே இல்லை.

இங்கே யாரும் மெரினோவா என்று கேட்பதில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ‘ஏம்ப்பா, இது போனவங்க துணியா?’ இல்லை, இன்னார் மகள் கனடாவில் போட்டது என்று பெயர் சொன்னால் போதும். இறந்தவர் துணி என்றால் நான் எடுப்பதே இல்லை, பொய் சொல்லி விற்றால் இந்த ஊரில் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். விலை குறைவுதான், இன்ஸ்டாவில் ஆயிரம் போவது இங்கே நானூறு. ஆனால் பெட்டி, கூரியர், திரும்பி வருவது எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, ‘பத்து நாளைக்குத்தானே, வாடகைக்குக் குடேன்’ என்று ஒரு மாமி கேட்கப்போய், ஒரே ஜாக்கெட் போன வருஷம் மூன்று முறை இமயமலை போய் வந்தது. வாடகையிலேயே அதன் விலையைத் தாண்டிவிட்டது.

ஆக என் கணக்கு இப்படி ஓடுகிறது: சீட்டு உள்ள சுத்தக் கம்பளி, மெல்லியது, ஓட்டை இல்லாதது என்றால் இன்ஸ்டாகிராம், அதுவும் கார்த்திகையில். பருமனான ஜாக்கெட், தெர்மல், கையுறை, அக்ரிலிக் குல்லா என்றால் வாட்ஸ்அப், சித்திரையில். பழைய காஷ்மீர்ச் சால்வையை ‘ஷாதூஷ்’ என்று சொல்லி யாராவது நீட்டினால் மட்டும் எந்த வழியும் வேண்டாம். அது திபெத்திய மான் முடி, வனவிலங்குச் சட்டப்படி விற்பதே குற்றம், எத்தனை கை மாறியிருந்தாலும்.

எந்தக் கணக்கிலும் சேராமல் அக்காவின் நீளக் கோட்டு ஒன்று கிடக்கிறது, முழங்காலுக்குக் கீழே வருகிற சுத்தக் கம்பளி, இரண்டு கிலோவுக்கு மேல். கேதார்நாத் ஏறுகிறவர்கள் சுமக்க மாட்டார்கள், கூரியரில் போட்டால் கோட்டு விலையைக் கூரியரே தின்றுவிடும். பாத்திரக்காரர் இந்த முறை மக்கிலிருந்து ஒரு எவர்சில்வர் தோசைக்கரண்டி வரை ஏறி வந்திருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.