‘ஒரு நாள் சாப்பாடு’ திட்டம்: டெல்டா காப்பகங்களுக்குக் கொடுக்குமுன்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகை என்று எந்தக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போன் போட்டாலும் முதலில் சொல்வது ‘ஒரு நாள் சாப்பாடு’ திட்டத்தைத்தான். பிறந்தநாள், திதி, கல்யாண நாள் எதற்கும் பொருந்தும். தேதி சொல்லிப் பணம் கட்டினால் ரசீது வந்துவிடும். கொடுப்பவருக்கு நல்ல வசதி. பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டரைதான் போடலாம்.

எல்லாரும் கேட்பது ஞாயிறும் அமாவாசையும். அன்று மதியமும் இரவும் பிரியாணி, செவ்வாய்க்கிழமை வெறும் ரசம் சோறு. 50 பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு கிலோ அரிசியும் ஒன்றேகால் கிலோ துவரம்பருப்பும் தாராளம். விருந்துக்குக் கட்டும் பணத்தை முட்டை, பால், காஸ் சிலிண்டர் என்று ஆள் வராத நாளுக்கு மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் சம்மதிக்கும் காப்பகத்துக்கு ஒரு நட்சத்திரம் கூட்டலாம்.

பொருளாகக் கொடுப்பதில் சிக்கல் இன்னும் அதிகம். தை அறுவடை முடிந்ததும் புது அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெரிய அண்டாவில் வடித்தால் குழைந்துவிடும். ஆறு மாதமாவது பழசான அரிசியே பெரிய சமையலுக்கு நிற்கும். நெல்லாகக் கொடுத்தால் 100 கிலோவுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி தேறும். அவித்து அரைக்கும் கூலியும் வண்டி வாடகையும் உங்கள் கணக்கில் இருக்கட்டும். ஐப்பசி மழையில் அகப்பட்ட குறுவை நெல் வேண்டவே வேண்டாம். ஈரத்தோடு கட்டினால் மூட்டைக்குள் சூடேறி நாற்றமடிக்கும். 17 சதவீத ஈரத்துக்கு மேல் போனால் டிபிசியிலேயே (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) எடுக்கத் தயங்குகிறார்கள், காப்பகம் என்ன செய்யும்?

சாப்பாட்டைவிட எதில் பணம் போடலாம் என்பதற்குச் சீனாவில் ஓர் உதாரணம் உண்டு. அங்கிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போனவர்கள் 1,60,000க்கும் மேல். வளர்ந்தபின் தாம் இருந்த காப்பகத்துக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் அவர்களிலும் உண்டு. அந்த நாட்டிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்த பெற்றோர்கள் 1998இல் தொடங்கிய ‘ஹாஃப் த ஸ்கை’ என்ற தொண்டு அமைப்பு பணத்தைச் சாப்பாட்டில் போடவில்லை; கைக்குழந்தையைத் தூக்கிவைத்துப் பேசவும் விளையாடவும் ஆயாக்களைப் பழக்குவதில் போட்டது. டெல்டாவிலும் ஆள்தான் தட்டுப்பாடு. மாலை டியூஷன் ஆசிரியர், இரவுக் காவல் ஆயா, 18 வயதில் வெளியேறும் பிள்ளையின் கல்லூரி ஹாஸ்டல் கட்டணம்: இவற்றுக்கு மாதாமாதம் வரும் சின்னத் தொகை, வருஷத்துக்கு ஒரு விருந்தைவிடப் பெரிது.

தமிழ்நாட்டில் பிறந்து வெளிநாட்டுக்குத் தத்துப் போய் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் ஜிபே கியூஆரில் பணம் போடக்கூடாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். காப்பகத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். பணம் முதலில் எஸ்பிஐ புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள அதன் கணக்குக்குத்தான் போகவேண்டும். மாற்றிப் போட்டால் மாட்டிக்கொள்வது காப்பகம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகள் கேக் வெட்டும் படம் கேட்காதீர்கள். அவர்கள் அடையாளம் வெளியே தெரியவிடுவதை 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. படத்தைக் காட்டியே வசூல் செய்யும் இடத்தை விட்டு விலகுங்கள். பணம் கட்டுமுன் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவுப் பதிவுச் சான்றைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.