டவர் ஹோட்டலா, தேக்கா ரூமா?

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் விமானம் நேராகப் போகிறது. இரவில் ஏறினால் காலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். அதனாலேயே திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வெளிநாடு சிங்கப்பூர்தான். டிக்கெட் போட்ட கையோடு அடுத்த விவாதம் ஆரம்பிக்கும். லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம், சிக்கனமாக ஒரு ரூம் எடுப்பதா? இல்லை, வந்ததுதான் வந்தோம் என்று அறுபது எழுபது மாடி ஹோட்டல் ஒன்றில் தங்கிப் பார்த்துவிடுவதா?

நாங்கள் ஒரே பயணத்தில் இரண்டிலும் தங்கினோம். முதலில் தேக்கா, அப்புறம் டவர். கூட்டத்தில் மாமா, அத்தை, என் வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று எல்லா வயதும் இருந்தது. என் ஓட்டு டவருக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பகலில் ரூமிலேயே இருக்கப் போகிறவர் யாராவது உங்களோடு வந்தால் மட்டும் அந்தப் பணத்தைக் கொடுங்கள். அந்த நிபந்தனை ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தேக்காவின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ் பேசலாம். காலையில் இட்லி கிடைக்கும். 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் அங்கேதான். வீரமாகாளியம்மன் கோயில் மணிச்சத்தம் தெருவில் நடக்கும்போதே கேட்கும். முஸ்தபா கடையில் நள்ளிரவு தாண்டியும் வாங்கலாம், வாங்கிக்கொண்டே இருக்கலாம். நம்ம கோயமுத்தூரைப் போலவே அங்கும் ஒரு ரேஸ்கோர்ஸ் ரோடு இருக்கிறது. காரணமும் ஒன்றுதான்: ஒரு காலத்தில் பக்கத்தில் குதிரைப் பந்தயம் நடந்த மைதானம். நம்ம ரேஸ்கோர்ஸில் காலையில் வாக்கிங் போகிறார்கள், அங்கே வாழை இலையில் மீன்தலைக் குழம்பு சாப்பிடுகிறார்கள்.

ஊர் சுற்றத்தான் வந்தோம், ரூம் தூங்குவதற்கு மட்டும் என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. தேக்காவில் எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னும் ஒரு நாள் கூட இருந்துவிட்டு வரலாம்.

தேக்காவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புக் செய்யும்போது ரூம் வகைக்குப் பக்கத்தில் 'ஜன்னல் கிடையாது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அங்கே அது சகஜம். கீழே கடை, மேலே வீடு என்று இருந்த பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். முன்னால் குறுகல், உள்ளே நீளம் என்ற அமைப்பு அது. தெருப் பக்கமும் பின்பக்கமும் இருக்கிற ரூம்களுக்குத்தான் வெளிச்சம், நடுவில் இருப்பதற்கு நான்கு பக்கமும் சுவர். ஏசி நன்றாக இருக்கும், படுக்கை சுத்தமாக இருக்கும், மணி காலை பத்தா ராத்திரி பத்தா என்று மட்டும் தெரியாது. இளவட்டங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அத்தைக்கு முழங்கால் வலி, மாமாவுக்கு மதியம் இரண்டு மணி நேரமாவது சாய வேண்டும். அவர்களை அந்த மாதிரி ரூமில் விட்டுவிட்டு நாங்கள் வெளியே போனால் எங்களுக்கும் மனசு ஒட்டாது. ஜன்னல் உள்ள ரூமுக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். கொடுத்தாலும் பல இடங்களில் ஜன்னலைத் திறந்தால் எதிரே அடுத்த கட்டடத்தின் ஏசி டப்பாக்கள்தான்.

சரி, டவர். சிங்கப்பூரில் உயரம் என்றால் துபாய் உயரம் இல்லை. பாயா லேபார் விமானத் தளத்தை ஒட்டிய கட்டுப்பாட்டால் நகர மையத்தில் பல காலமாக 280 மீட்டர்தான் எல்லை. அதனால் பெரிய கட்டடங்கள் பலவும் சொல்லி வைத்தாற்போல அந்த உயரத்தில் நிற்கும். ஹோட்டல்களில் ஸ்விஸ்ஸோடெல் தி ஸ்டாம்ஃபோர்டு 73 மாடி, 226 மீட்டர். கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்தது. 1986-ல் திறந்தபோது உலகிலேயே உயரமான ஹோட்டல் அதுதான். மெரினா பே சாண்ட்ஸ் 2010-ல் வந்தது. 55 மாடிக் கட்டடங்கள் மூன்று, மூன்றின் தலையிலும் கப்பல் மாதிரி ஒரு தளம், அதில் 150 மீட்டர் நீள நீச்சல் குளம். குளம் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும். பார்வை மேடைக்கு யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். ஆகவே மேலிருந்து ஒரு தடவை ஊரைப் பார்த்தால் போதும் என்கிறவர்களுக்கு ரூமே தேவையில்லை, டிக்கெட்டோடு முடிந்தது.

'மேலிருந்து ஒரு தடவை பார்ப்பது' வேறு, மேலே இருப்பது வேறு. என் நிபந்தனையும் இங்கேதான் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மதியம் 3 மணிக்குத்தான் ரூம் தருவார்கள். மறுநாள் 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய காலை 7-லிருந்து மாலை 7 வரைதான் பகல். காலை 9 மணிக்குக் கிளம்பி, மிருகக்காட்சி சாலை, செந்தோசா தீவு என்று சுற்றிவிட்டு ராத்திரி 9 மணிக்குத் திரும்பும் குடும்பம் அந்த ஜன்னலுக்குக் கொடுக்கிற நேரம் எவ்வளவு? காலையில் இரண்டு மணி நேரம், அதிலும் பாதி குளியலுக்கும் பிள்ளைகளைக் கிளப்புவதற்கும் போய்விடும். ராத்திரி விளக்குகளைப் பத்து நிமிடம் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், திரையை இழுத்துவிட்டுப் படுப்பார்கள். வாடகையில் பெரும்பங்கு அந்த ஜன்னலுக்குத்தான் போகிறது, ஜன்னலோ நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. நூல் இல்லாமல் மெஷின் ஓட்டினால் பனியன் கம்பெனி நடத்திய மாமா எப்படிப் பதறுவார், எனக்கு அப்படித்தான் இருக்கும்.

எங்கள் விஷயத்தில் ஜன்னல் சும்மா கிடக்கவில்லை. நாங்கள் பிள்ளைகளோடு வெளியே போன நேரமெல்லாம் பெரியவர்கள் இரண்டு பேரும் ரூமில் இருந்தார்கள், கடல் பக்கம் பார்த்த ரூம். மாமா கம்பெனி நடத்திய காலத்தில் கப்பலைப் பார்த்ததில்லை. சரக்குப் பெட்டி தூத்துக்குடியில் ஏறியதோடு சரி, அதற்கப்புறம் கப்பல் என்பது அவருக்கு பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கு ஏறியதற்கான ரசீது என்ற காகிதம்தான். அத்தனை கப்பல்களை ஒரே பார்வையில் அங்கேதான் முதலில் பார்த்தார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

"ஏனம்மிணி, அந்தக் கப்பலெல்லாம் எதுக்கு நின்னுட்டே இருக்குது?" என்றார் அத்தை.

"எண்ணெய் ஊத்திக்கறதுக்குங்க அத்தை. உலகத்திலேயே கப்பலுக்கு அதிகமா எண்ணெய் ஊத்தறது இங்கதானாமா."

"அப்ப பங்க்குல நிக்கற மாதிரின்னு சொல்லு."

மதியத்துக்கு மேல் மழை வரும். கீழே தெருவில் இருந்தால் குடை விரிப்பதற்குள் நனைத்துவிடும் மழை. மேலிருந்து பார்த்தால் அது கடலில் கிளம்பி, ஒவ்வொரு கட்டடமாக மறைத்துக்கொண்டு, நம் கண்ணாடிக்கு வந்து சேருவது வரை தெரியும். வானம் தெளிந்தால் எதிரே இந்தோனேசியத் தீவுகள் கோடாகத் தெரியும். நாங்கள் காலோய நடந்து பார்த்ததைவிட அவர்கள் உட்கார்ந்து பார்த்த சிங்கப்பூர் குறைச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கு வந்த பிறகும் மாமா சொல்கிற கதைகளில் பாதி அந்த ஜன்னல் கதைதான்.

அதனால்தான் 'ஆசைக்கு ஒரே ஒரு ராத்திரி' என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. 3 மணிக்கு உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்து, மறுநாள் காலை மறுபடி கட்டுவதிலேயே நேரம் போய்விடும். நடுவில் ஒரு முழுப் பகல் கிடைக்கிற மாதிரி அடுத்தடுத்து இரண்டு ராத்திரி எடுங்கள். அந்த நடுப்பகலில் எங்கேயும் போகாதீர்கள். அதற்கு மனசில்லை என்றால் டவரே வேண்டாம்.

டவரில் தொந்தரவு என்றால் லிஃப்ட். லிஃப்டின் வேகத்தில் குறை இல்லை, காது அடைக்கிற அளவுக்கு வேகம்தான். காலைச் சாப்பாட்டு நேரத்திலும் காலி செய்கிற நேரத்திலும் வரிசை நிற்கும். நாங்கள் தங்கிய இடத்தில் வந்த லிஃப்டெல்லாம் நிறைந்தே வந்தது. பெட்டிகளோடு ஏற முடியாமல் வெகுநேரம் நின்றோம். சாவி அட்டையைக் காட்டினால்தான் நம் மாடிப் பொத்தான் வேலை செய்யும், பிள்ளை ஒருவன் அட்டையை மறந்தால் பெரியவர் ஒருவர் கீழே இறங்கி வரவேண்டும். தேக்காவில் ஒரு மாடி இறங்கினால் தெரு. டவரில் ஒரு பால் பாக்கெட் வாங்குவதுகூட ஒரு பயணம்.

இதைவிட உயரமான ஊர்களில் கதை இன்னும் நீளும். ஹாங்காங்கில் ரிட்ஸ் கார்ல்டன் ஐசிசி கட்டடத்தின் 102-லிருந்து 118 வரையுள்ள மாடிகளில் இருக்கிறது. ரிசப்ஷனே 103-ல், அங்கே இறங்கி வேறு லிஃப்ட் மாற வேண்டும். வியாபார விஷயமாக அந்தப் பக்கம் போய்வந்த என் வீட்டுக்காரர் சொல்வது, பனிமூட்ட நாட்களில் அந்த உயரத்தில் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாதாம். நான் தங்கியதில்லை, அதனால் இதை அவர் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் இன்னொரு வேடிக்கை: புர்ஜ் கலீஃபா 828 மீட்டர் உயரம், ஆனால் அதில் இருக்கும் அர்மானி ஹோட்டலின் ரூம்கள் கீழ்மாடிகளிலும் 38, 39-லும்தான். கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து மயங்காமல், ரூம் எந்த மாடியில் என்று கேளுங்கள்.

மாடி என்றதும் இன்னொன்று. தீ அலாரம் அடித்தால் லிஃப்ட் கிடையாது, படிதான். 2015 டிசம்பர் 31 இரவு துபாயில் தி அட்ரஸ் ஹோட்டல் வெளிப்பக்கமாகப் பற்றி எரிந்ததை டிவியில் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டில் அடியிலிருந்து உச்சி வரை ஓடி ஏறும் போட்டி நடத்தியிருக்கிறார்கள், அதில் படிகள் 1336. நம்ம சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1320. மாமா ஒரு காலத்தில் சென்னிமலையைச் செருப்பில்லாமல் ஏறி இறங்கியவர், இப்போது வண்டிப் பாதையில்தான் போகிறார். எனவே வயதானவர்கள் உண்டென்றால் உச்சி மாடி கேட்காதீர்கள். முப்பது மாடிக்குள்ளேயே கடல் நன்றாகத் தெரியும், எதிரே உயரமான கட்டடம் மறைக்கவில்லை என்றால் போதும். ரூமுக்குப் போனதும் படிக்கட்டுக் கதவு எங்கே என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு டவரில் தடுமாற்றம் இருக்கும் என்று பயந்தேன், அவ்வளவு இல்லை. பஃபேயில் அத்தைக்குப் பழமும் தயிரும் ரொட்டியும் போதுமாக இருந்தது. கெட்டில் இருக்கிறது, பருப்புப் பொடி கொண்டுபோயிருந்தோம். சிட்டி ஹால் ஸ்டேஷன் பக்கம் தங்கினால் நடுவில் தோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி, மொத்தம் இரண்டே நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா. ராத்திரிப் பார்சல் வாங்கி வருவது பிள்ளைகளின் வேலை. ரூமுக்குள் வாடை அடிக்கிற டுரியான் பழம் மட்டும் கொண்டுபோகக் கூடாது, அபராதம் போடுவார்கள்.

பணம். சாதாரண நாட்களில் டவரின் ஒரு ரூம் வாடகையில் தேக்காவில் இரண்டு மூன்று ரூம் எடுக்கலாம். அதோடு, விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது முழு விலை இல்லை. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம் ஏறும். 400 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று பார்த்தது கையில் வரும்போது கிட்டத்தட்ட 480. ஊட்டி காட்டேஜ் மாதிரி ஒரு ரூமில் ஆறு பேரைப் படுக்க வைக்க விடமாட்டார்கள், மூன்று பெரியவர்கள் என்றாலே யோசிப்பார்கள். நாங்கள் கதவு இணைந்த இரண்டு ரூம் கேட்டு வாங்கினோம். செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு: கடல் பார்த்த ரூம் பெரியவர்களுக்கு, ஊர் பார்த்த மலிவான ரூம் மற்றவர்களுக்கு. கதவுதான் திறந்திருக்கிறதே.

செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா ஒன் கார் இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தில் மெரினா பே பக்கம் வாடகை எகிறும், அந்தத் தேதியைத் தவிருங்கள். காட்டுத்தீப் புகை சிங்கப்பூரை மூடிய வருடங்களும் உண்டு. 2015-லும் 2019-லும் அப்படி ஆனது. நாங்கள் போனபோது வானம் ஒழுங்காக இருந்தது, புகைக்காலத்தில் அந்த ஜன்னலுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. காலையில் சீக்கிரம் ரூம் கிடைக்குமா என்று முன்கூட்டியே மெயில் போட்டுக் கேளுங்கள், இரவு விமானத்தில் வந்த பெரியவர்களை 3 மணி வரை லாபியில் உட்கார வைப்பது கஷ்டம். ரூம் கொடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். அதற்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் விடுபடச் சில நாட்கள் ஆகலாம், அதுவரை முஸ்தபாவில் வாங்கக் கையில் இருக்காது.